மூன்று மாடிக்கான ஜெபம்

மார்ச் 5, ஞாயிறு

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாசரேத்தில் அப்பா வீட்டை விற்றதில் என் பங்கு ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் வங்கிக்கு வந்துவிட்டது. தசமபாகம் தொண்ணூற்றாறாயிரத்துக்குக் காசோலை எழுதி, கவரில் வைத்து, இன்றைக்கே காணிக்கைப் பையில் போட்டுவிட்டேன். தாமதித்தால் மனம் கணக்குப் பார்க்கும்.

மதியம் சாப்பிடும்போது என் கணவர் ஆரம்பித்தார். மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் உள்ள எல்லாப் பணமும் கடைசியில் மனையாக மாற வேண்டும் என்பது அவர் கொள்கை.

"பைபாஸ் பக்கம் நாலு சென்ட்டு வருது, வயலட்டு. தெற்கு பாத்த மனை."

"ஏற்கெனவே மூணு கெடக்குல்லா. மூணுலயும் முள்ளு உடைமரம் நிக்கி. அது மாசம் எவ்வளவு வாடகை தருது நமக்கு?"

ஐரின் சிரித்துப் புரையேறிவிட்டாள். அவர் தண்ணீரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "அம்மையும் மவளும் சேந்துகிட்டிய" என்றார்.

ஐரின் பதினேழு வயதில் விடுதிக்குப் போன பிள்ளை. படிப்பு, பிறகு பெங்களூரு வேலை என்று வருடத்துக்குப் பத்து நாள் விருந்தாளியாக வந்துபோய்க்கொண்டிருந்தாள். நோய்த்தொற்றுக் காலத்தில் கம்பெனி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. மூன்று வருடமாக எங்கள் மாடி அறைதான் அவள் ஆபீஸ். கல்யாணம்வரை இப்படியே என் கண் முன்னால் இருக்க வேண்டும். என் ஜெபக்குறிப்பில் முதலாவது இதுதான்.

மார்ச் 9, வியாழன்

வாங்கிவிட்டேன். அலுவலகக் கட்டடங்களை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற வாடகையை யூனிட்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரஸ்ட் ஒன்று. ரீட் என்கிறார்கள். இரண்டாயிரம் யூனிட், ஒன்று முந்நூற்றுப் பத்து ரூபாய், ஆக ஆறு லட்சத்து இருபதாயிரம். பிறகு ஐம்பது பெரிய கம்பெனிகளை ஒரே கூடையில் போட்டு விற்கும் ஈடிஎஃப் ஒரு லட்சத்து இருபதாயிரம். தங்க ஈடிஎஃப் அதே அளவு. மீதி நாலாயிரத்தில் ஐரினுக்கு மாடியில் வைத்துக்கொள்ள நல்ல மேசை.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். டிரஸ்டின் வருடாந்திர அறிக்கை இருநூற்றெண்பது பக்கம். ஒரு மாதத்துக்கு மேலாக, காலைத் தியானம் முடிந்ததும் தினம் எட்டுப் பக்கம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். பல டிரஸ்டுகள் இருக்க இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பெங்களூருவில் இவர்களுக்குப் பத்துமாடிக் கட்டடம் இருக்கிறது. அதில் ஏழு மாடி ஐரினின் கம்பெனி. நம் பிள்ளையின் கம்பெனி நமக்கு வாடகை தரும் என்றால் அதில் ஒரு ஆசீர்வாதம் இருக்கத்தானே செய்கிறது?

கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கண்ணைத் திறப்பதற்குள் விலை முப்பது பைசா ஏறியிருந்தது.

கணவர் கேட்டது ஒன்றுதான். "பட்டா யாரு பேருல இருக்கு?"

மார்ச் 21, செவ்வாய்

இரண்டு கிலோ அயிரை மீன், மீன்காரன் ஏமாற்றிவிட்டான். பாதி மண். டிரஸ்ட் 312.

இவர் இப்போதெல்லாம் என்னை "பில்டிங் முதலாளியம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். பால்காரர் முன்னாலும்.

ஏப்ரல் 7, வெள்ளி

பெரிய வெள்ளி. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. பங்குச் சந்தைக்கும் இன்று விடுமுறை. அதனால் மனம் சிதறாமல் ஜெபிக்க முடிந்தது.

ஏப்ரல் 26, புதன்

மாடியிலிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். மோர் கொண்டுபோனேன். மீட்டிங் நடக்கிறது என்று கையால் சைகை காட்டினாள். அந்தக் கம்பெனியில் மீட்டிங்கெல்லாம் கலகலப்பாக நடத்துகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக்கூட நடத்துகிறார்கள். நல்ல நிர்வாகம்.

மே 12, வெள்ளி

முதல் வாடகை வந்தது. யூனிட்டுக்கு நாலு ரூபாய் அறுபது பைசா வீதம் ஒன்பதாயிரத்து இருநூறு. ஸ்தோத்திரம் சொல்லி, தொள்ளாயிரத்து இருபதைக் கவருக்கு எடுத்து வைத்தேன்.

அதே மூச்சில் கெட்ட செய்தியும் வந்தது. பெங்களூருக் கட்டடத்தின் பெரிய வாடகைக்காரர் ஏழு மாடியில் மூன்றைத் திருப்பிக் கொடுக்க யோசிக்கிறாராம். ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் இடம் சும்மா கிடக்கிறதாம். பெரிய வாடகைக்காரர் என்றால் ஐரினின் கம்பெனி. விலை ஒரே நாளில் பதினோரு ரூபாய் இறங்கிவிட்டது. இரண்டாயிரத்தால் பெருக்கினேன். பிறகு பெருக்கியதை அடித்துவிட்டேன்.

மே 14, ஞாயிறு

ஆராதனைக்கு முன் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். "வயலட் தனசிங். மூன்று மாடிகள் காலியாகாமல் நிரம்பியிருக்க." அவ்வளவுதான் எழுதினேன். பங்கு, யூனிட் என்று எழுதினால் அது சூதாட்டம் என்று சொல்ல நம் சபையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

போதகர் ஐயர் சீட்டைச் சத்தமாக வாசித்ததும் நாலைந்து தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. எங்கள் வீடு ஒரு மாடி. அது ஊருக்கே தெரியும்.

மே 19, வெள்ளி

பெண்கள் ஐக்கிய சங்க உபவாச ஜெபம். ஜெபமணி டீச்சர் என் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருபது நிமிடம் மன்றாடினார்கள். அவர்கள் ஜெபம் கேட்கப்படாமல் போனதே இல்லை என்பார்கள். மனதுக்குப் பெரிய தைரியம்.

என் சொந்த ஜெபக்குறிப்பிலும் இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

மே 23, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பதினொரு மணிக்கு ஜெபமணி டீச்சர் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். அவர்கள் "வயலட்டு, மாடிக்குக் குடியிருக்க ஆள் கொண்டாந்துட்டேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே நேராக மாடி ஏறிவிட்டார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவதற்குள் கதவைத் திறந்தாயிற்று. ஐரின் மீட்டிங்கில் இருக்கிறாள். திரையில் ஒன்பது முகம். பத்தாவதாக டீச்சர்.

"ஏட்டி, நீ இங்கயா இருக்க? மாடி காலின்னுல்லா ஜெபம் பண்ணுனோம்!"

ஐரின் கணினியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னைய காலி பண்ணவாம்மா ஜெபம்?"

நான் டீச்சரையும் பிள்ளைகளையும் கீழே உட்கார வைத்து, மிக்சரும் காப்பியும் கொடுத்து, இது வேறு மாடி, பெங்களூருவில், ஒரு பங்குதான் நமக்கு என்று ஒருவாறு சொல்லி அனுப்பினேன். டீச்சர் போகும்போது, "பெங்களூருல மாடி வச்சிருக்கவ, ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கைக்கு முந்நூறுதானா எழுதுன?" என்று கேட்டார்கள்.

மறுபடி மாடிக்குப் போனேன். ஐரினுக்குக் கோபம் இல்லை. கட்டிலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆபீஸ் பில்டிங்கா? அதுக்கா உபவாசம் இருந்திய எல்லாரும்?"

"ஆமா. மூணு மாடி காலியாவக் கூடாதுல்லா."

"சரிம்மா. அந்த மூணு மாடியும் நிரம்பணும்னா, அதுல யாரு போய் உக்காரணும்?"

குழம்பு அடிப்பிடித்துவிடும்போல் இருந்தது. கீழே வந்துவிட்டேன்.

ஜூன் 8, வியாழன்

நாத்தனார் மகன் கல்யாணம். மொய் இரண்டாயிரம், ஆட்டோ முந்நூற்றைம்பது. நாத்தனார் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மைனி, வெறுங்கழுத்தா வந்திருக்கிய? தங்கத்துல பணம் போட்டியன்னு அண்ணன் சொன்னாவளே" என்றாள். ஈடிஎஃப் தங்கம் என்று விளக்கினேன். எங்கேயோ பெட்டகத்தில் இருக்கும், நம் பேரில் யூனிட்டாகப் போனில் தெரியும், செய்கூலி சேதாரம் கிடையாது என்றேன்.

"அப்ப அந்தச் செல்போன கழுத்துல மாட்டிட்டு வந்திருக்கலாம்லா."

பந்தியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் மேல் சத்தமாகச் சிரித்தது என் கணவர். தங்கம் வாங்கிய விலைக்கு மேல் ஆறு சதவீதம் ஏறியிருப்பதைச் சொல்ல வந்தேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது.

ஜூன் 22, வியாழன்

டிரஸ்ட் 268. எண்பத்துநாலாயிரம் காணாமல் போயிருக்கிறது. விற்றால்தான் நஷ்டம் என்று படித்திருக்கிறேன். படித்ததை இன்று ஐந்தாறு முறை சொல்லிக்கொண்டேன்.

இவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே கேட்டார். "முதலாளியம்மா, உங்க பில்டிங் நிக்கா?"

"உங்க உடைமரம் நிக்கிற வரைக்கும் நிக்கும்."

ஜூலை 3, திங்கள்

ஐரின் மாலையில் தெருவை நான்கு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். "நாள் முழுக்கச் சுவத்தப் பாத்துப் பேசிட்டு இருக்கேம்மா. தொண்டைதான் வலிக்கி, ஒரு மனுச முகம் இல்ல" என்றாள். நானும் அப்பாவும் மனுஷ முகம் இல்லையா என்று கேட்டேன். என்னைக் கட்டிக்கொண்டாள். இஞ்சிச் சாறு கொடுத்தேன். தொண்டைக்கு நல்லது.

ஜூலை 20, வியாழன்

ஐரினுக்குப் பார்சல். ஆபீசுக்குப் போடுகிற மாதிரி மூன்று பேண்ட், ஒரு கைப்பை. கேமராவில் இடுப்புக்குக் கீழே தெரியாதே, எதற்கு என்று கேட்டேன். தள்ளுபடியாம். பிள்ளைக்கும் சிக்கனம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அல்லேலூயா! கம்பெனி மூன்று மாடியையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்பது வருடத்துக்குப் புது ஒப்பந்தம், வாடகையும் கூடுதல். டிரஸ்ட் ஒரே நாளில் 321. காலையில் ஜெபமணி டீச்சருக்குப் போன் போட்டேன். டீச்சர் அழுதுவிட்டார்கள். நானும் அழுதேன். இவருக்குக் கேசரி செய்து, கிண்ணத்தோடு நீட்டினேன்.

"என்ன விசேஷம்?"

"பில்டிங் நிக்கி."

இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஐரினுக்குக் கம்பெனியிலிருந்து மெயில். செப்டம்பர் நாலாம் தேதி முதல் எல்லாரும் ஆபீசுக்கு வர வேண்டும். வாரம் ஐந்து நாளும்.

டிரஸ்ட் 329.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. ஒன்றும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

உபவாச ஜெபத்தில் இன்று என் வாயால் சத்தமாக ஜெபிக்கவில்லை. மனதுக்குள்தான். கம்பெனியில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் வந்தால் மாடி நிரம்பாதா? ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கர்த்தருக்கு முடியாதது இல்லை. நான் பேராசைப்பட்டுக் கேட்கவில்லை, ஒரு சின்ன விலக்குத்தான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

டாக்டரிடம் போனேன். கட்டணம் முந்நூறு. தாய் தகப்பனைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டு என்று மெயிலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. ஐரின் குளிக்கப் போனபோது படித்தேன். என் முட்டுவலி பொய்யில்லை. பன்னிரண்டு வருடமாக மழைக்காலத்தில் வலிக்கிறது. இப்போது மழை இல்லை என்பது என் குற்றமா?

டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "உங்க வயசுக்கு இது நல்ல முட்டும்மா. நடந்துதானே வந்தீங்க?"

"நடந்துதான் வந்தேன். ஆனா மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "படி ஏறுவதைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் துணைக்கு ஆள் தேவை என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்க்கவில்லை. இந்தக் காலத்து டாக்டர்களுக்கு இரக்கம் குறைவு.

ஆகஸ்ட் 24, வியாழன்

டாக்டர் சீட்டை ஐரினிடம் கொடுத்தேன். மேசையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மடிப்பை எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா அழக்கூடாது."

"நான் எதுக்கு அழுதேன்?"

"மே மாசமே கேட்டாங்க. திரும்ப வர்றதுக்கு யாருக்கு இஷ்டம்னு. எங்க டீம்ல மொத ஆளா நான்தான் 'வரேன்'னு போட்டேன்."

மே மாதத்தில் எந்தத் தேதி என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை. உபவாச ஜெபம் நடந்த பத்தொன்பதுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். "அதுல என்னம்மா இருக்கு?" என்றாள்.

"இங்க உனக்கு என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல. அதாம்மா. சோறு வருது, மோர் வருது, இஞ்சிச் சாறு வருது. எனக்கு இருவத்தேழு வயசு. நான் இறங்கிப் போயி என் காப்பிய நானே வாங்கிக் குடிக்கணும் போல இருக்கு."

கீழே இறங்கும்போது முட்டு உண்மையிலேயே வலித்தது.

இன்று கணக்கு எழுதவில்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

முறுக்கு இரண்டு கிலோ, அதிரசம், பருப்புப்பொடி, கருவாட்டுத் தொக்கு. பெட்டிக்கு மேல் பெட்டி. இவர் மாடியிலிருந்து மேசையை இறக்கி லாரி பார்சலில் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்றார். அங்கே ஆபீசில் மேசை இருக்கும் என்றேன். "உன் பில்டிங்லயா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள், பெங்களூரு

ரயிலில் கூடவே வந்து நேற்று அவளை விடுதியில் சேர்த்தேன். மாதம் பதினாலாயிரம், சாப்பாடு சேர்த்து. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள்.

இன்று காலை அவளோடு ஆட்டோவில் போனேன். கட்டடத்தைப் பார்த்தேன். அறிக்கையில் இருக்கும் படத்தைவிட உயரம். கண்ணாடி முழுக்க வானம். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது, எழுதுவதில் என்ன வெட்கம். கூடவே உள்ளே நடந்தேன். வாசலில் காவலர் கையை நீட்டி மறித்தார்.

"ஐடி கார்டும்மா."

தமிழ்! ஓசூர்ப் பக்கமாம். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "தம்பி, நான் இந்தக் கட்டடத்துல ஒரு பங்குக்காரி. ஓனர்னு வச்சுக்கோங்களேன்."

"ஓனரா?" அவர் சிரிக்கவில்லை. நாற்காலி ஒன்றை நிழலில் இழுத்துப் போட்டார். "நானும் இங்க ஏழு வருசமா நிக்கிறேம்மா. தினமும் ஆயிரக்கணக்குல ஜனம் வருது. ஓனர்னு சொல்லிக்கிட்டு யாரும் வந்ததில்ல. நீங்க உக்காருங்க. உள்ள மட்டும் விட முடியாது."

"அம்மா, வாய மூடுறியா?" என்றாள் ஐரின். ஆனால் என் கையை விடவில்லை. கடைசியில் அவள்தான் குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அத்தனை பேர் முன்னால். பிறகு அட்டையைத் தேய்த்தாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு உயரமான பையன் இரண்டு காப்பிக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. கூட வேலை செய்பவனாக இருக்கும். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு காப்பி என்று தெரியவில்லை.

காவலர் நல்லவர். ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஜெபமணி டீச்சர் விடவில்லை. விண்ணப்பம் கேட்கப்பட்டால் சாட்சி சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஆராதனை முடிந்ததும் சங்கத்துப் பெண்கள் முன்னால் எழுந்து நின்றேன். மூன்று மாடியும் நிரம்பிவிட்டது, கேட்டதற்கு அதிகமாகவே நிரம்பிவிட்டது, ஜெபித்த எல்லாருக்கும் நன்றி என்றேன். "ஆமென்" என்றார்கள். உட்காரும்போது கண் கலங்கிவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் டீச்சர் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்கள். "ஐரின் போய்ட்டாளாமே? அப்ப உன் வீட்டு மாடி நெசமாவே காலியா? அதுக்கும் ஜெபம் பண்ணிருவோம்."

நான் அவர்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் டீச்சர். ஒண்ணும் பண்ணிராதிய."

அக்டோபர் 12, வியாழன்

ஐரின் போனில் நாலு நிமிடம் பேசினாள். குரலில் தொண்டைக்கட்டு இல்லை. மீன் முந்நூற்றெண்பது, பால் அட்டை, கேஸ். டிரஸ்ட் பார்க்கவில்லை. 336.

நவம்பர் 10, வெள்ளி

வாடகை வந்தது. யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் நாற்பது பைசா வீதம் பத்தாயிரத்து எண்ணூறு. அறிக்கையும் வந்தது. பெங்களூருக் கட்டடத்தில் ஒரு மாடியும் காலி இல்லை. பணியாளர் வருகை மிகச் சிறப்பு என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள்.

இவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "நீ கெட்டிக்காரிதாம்ட்டி" என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து இதை இப்போதுதான் கேட்கிறேன். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டிய வார்த்தை. என் மனம் வேறு கணக்கில் இருந்தது.

ஒரு ஆள் உட்கார ஏறக்குறைய எழுபது சதுர அடி வேண்டும். சதுர அடிக்கு மாதம் தொண்ணூறு ரூபாய். ஆக ஐரின் உட்காருகிற நாற்காலிக்குக் கம்பெனி கொடுக்கும் வாடகை ஆறாயிரத்து முந்நூறு. டிரஸ்டில் மொத்தம் நாற்பது கோடி யூனிட். என்னுடையது இரண்டாயிரம். வகுத்தால் மூன்று பைசாச் சொச்சம். அவர்கள் நிர்வாகச் செலவு, பராமரிப்பு எல்லாம் கழித்தால் இரண்டரைப் பைசா.

"என்னத்தப் போட்டு இவ்வளவு நேரம் பெருக்குத?" என்றார் இவர்.

"ஐரின் நாற்காலி வாடகை. நம்ம பங்கு எவ்வளவுன்னு பாத்தேன்."

"எவ்வளவு வருது?"

சொன்னேன். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து தானும் ஒரு தரம் போட்டுப் பார்த்தார். அவருக்கும் அதுவேதான் வந்தது.

கணக்கில் பைசா எழுதும் வழக்கத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் வந்ததை வரவில் எழுதாமல் விடக் கூடாது. எழுதினேன்: ஐரின் வகையில், மாதம் இரண்டரைப் பைசா.